எட்டு வயது பி350 போர்டில் ரைசன் 5600 உட்கார்ந்த கதை

இரண்டு வார இறுதிகளை விழுங்கிவிட்டு நேற்று இரவு பதினொன்றரை மணிக்குத்தான் வேலை முடிந்தது. ஏஎம்டியின் ரைசன் 5 1600 பிராசஸர் இருந்த இடத்தில் இப்போது ரைசன் 5 5600 இருக்கிறது. மதர்போர்டு அதே (பி350 சிப்செட், பிராசஸர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4), ரேம் அதே, பெட்டி அதே. பிராசஸரைக் கழற்றி மாட்டுவது இருபது நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் எங்கே போயிற்று என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஏன் இப்போது என்றால், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் ரைசன் 1000 வரிசை இல்லை. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், ஒரு நாள்கூடத் தகராறு செய்யாத பிராசஸர். பட்டியலில் பெயர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிழவனாகிவிட்டது. குறுக்கு வழியில் 11ஐ ஏற்றலாம், தெரியும். வேலைக்கு நம்பியிருக்கும் கணினியில் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம்.

புது பிளாட்ஃபார்முக்கே போய்விடலாமா என்றும் யோசித்தேன். ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் தொடரப்போவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இனி வரும் பிராசஸர்களுக்கும் இடம் இருக்கும் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் ஏஎம்5 டிடிஆர்5 தவிர வேறு ரேமைத் தொடாது. ஆகவே பிராசஸர், போர்டு, ரேம் என மூன்றையும் ஒன்றாக வாங்க வேண்டும், அதுவும் 2025 கடைசியில் ரேம் விலை ஏறத் தொடங்கிய பிறகு. இன்டெல் பக்கம் பார்த்தால், எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14 என்று மூன்று தலைமுறை ஓடி, 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851க்கு இடம் விட்டது. அங்கேயும் போர்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அடுத்தது வந்துவிடுமே என்று இரண்டு வருடமாகப் பொறுத்துப் பார்த்தாயிற்று.

ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். ஏஎம்5க்கு மாறினால் ஆகும் மொத்தச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் 5600 ஒன்றை மட்டும் வாங்க ஆகும். சரி, இதுதான் வழி என்று முடிவு செய்தேன்.

எதை வாங்குவது என்பதில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. 5000 என்று பெயர் தொடங்கினால் எல்லாம் ஒன்று அல்ல. 5500, 5600ஜி, எக்ஸ் இல்லாத வெறும் 5700 ஆகிய மூன்றிலும் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பிதான். 5600இல் 32 எம்பி. 5700 என்ற எண்ணைப் பார்த்து, 5600ஐ விடப் பெரியதுதானே என்று நானும் கூடையில் போட்டேன். கடைசி நிமிடத்தில் விவரப் பட்டியலைப் படித்துவிட்டு எடுத்தேன். 96 எம்பி கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி மீதும் கண் இருந்தது. அது 105 வாட். என் போர்டின் விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மீது இருப்பது பெயருக்கு ஒரு அலுமினியத் துண்டு. 65 வாட்டுக்கு மேல் அதை நம்ப மனசு வரவில்லை.

இனி வேலை. முதல் வாரம் பயோஸ், அதாவது கணினியை எழுப்பும், போர்டிலேயே பதிந்த மென்பொருள். போர்டில் இருந்தது 2018இல் வந்த பதிப்பு. அதிலிருந்து ஒரே தாவலில் புதியதற்குப் போக முடியாது, இடையில் ஒரு பாலப் பதிப்பைப் போட்டே ஆக வேண்டும் என்று போர்டின் பதிவிறக்கப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதை நான் படித்தது, நேரடியாகப் புதியதைப் போடப் போய், இது சரியான கோப்பு அல்ல என்று போர்டு மறுத்த பிறகு. அதற்கும் முன்னால் 64 ஜிபி யுஎஸ்பி டிரைவை போர்டு கண்ணிலேயே படாத மாதிரி இருந்தது. அது எக்ஸ்ஃபேட் வடிவில் இருந்தது. மேசை இழுப்பறையில் கிடந்த பழைய 8 ஜிபி டிரைவை ஃபேட்32 ஆக மாற்றிப் போட்டதும் உடனே தெரிந்தது. விண்டோஸுக்குள் இருந்து பயோஸ் மாற்றும் மென்பொருளைத் தொடவில்லை. எல்லாம் பயோஸ் மெனுவுக்குள் இருக்கும் கருவியில்தான், அதுவும் யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டு. அந்த மூன்று நிமிடத்தில் மின்சாரம் போனால் போர்டு செங்கல்தான்.

கோப்பின் அளவைக் கவனித்தேன்: 16 எம்பி. பயோஸ் சிப்பின் அளவும் அதுவேதான். பின்னால் வந்த பல போர்டுகளில் இது 32 எம்பி. இந்த 16 எம்பிக்குள் 2016இலிருந்து வந்த எல்லா ஏஎம்4 பிராசஸர்களுக்குமான குறியீட்டை அடைக்க முடியாமல், பல போர்டுகளில் மிகப் பழைய பிரிஸ்டல் ரிட்ஜ் வகையைக் கழற்றிவிட்டார்கள். என் போர்டின் புதிய பதிப்புக் குறிப்பிலும் அந்த எச்சரிக்கை இருந்தது. கூடவே, இதைப் போட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது என்ற வரியும்.

பாலப் பதிப்பு, அதன் மேல் ஒரு பதிப்பு என்று இரண்டையும் போட்டேன். இங்கேதான் சறுக்கினேன். பட்டியலில் அதற்கும் மேலே இன்னும் இரண்டு இருந்தன, இரண்டும் பீட்டா. பீட்டா என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு ஆகாது. நிலையான பதிப்புகளில் கடைசியானது போதும் என்று நின்றுவிட்டேன். என் பி350 அடங்கிய 300 வரிசை போர்டுகளில் 5000 பிராசஸர் ஓடும் என்று செய்திகளில் படித்தது மண்டையில் இருந்தது. அது எப்போது, எந்தப் பதிப்பில் என்று பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை. இரவெல்லாம் அணைந்து கிடந்த கணினியைத் திறந்து, ரெய்த் ஸ்பயர் கூலரின் நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்குவாட்டில் தளர்த்தினேன். கூலரைத் தூக்கினேன். வரவில்லை. கொஞ்சம் அழுத்தித் தூக்கினேன். சடக்கென்று வந்தது. கையில் கூலர், கூலரின் அடியில் ஒட்டிக்கொண்டு பிராசஸர். சாக்கெட்டின் நெம்பு பூட்டியபடியே இருக்கிறது.

ஏஎம்4இல் இது நடக்கும் என்று நூறு தடவை படித்திருக்கிறேன். 1331 பின்களும் பிராசஸரின் அடியில்தான். பக்கவாட்டு நெம்பு அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறதே தவிர, மேலிருந்து அழுத்தும் சட்டம் கிடையாது. எட்டு வருடம் காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசைபோல இறுகி, சாக்கெட்டின் பிடியைத் தோற்கடித்துவிட்டது. செய்திருக்க வேண்டியது சுலபம். ஏதாவது பாரமான வேலையைப் பதினைந்து நிமிடம் ஓட்டி பிராசஸரைச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கூலரை முதலில் இடமும் வலமும் திருகிவிட்டுப் பிறகு தூக்க வேண்டும். அதைச் செய்யாத சோம்பல்தான் காரணம்.

பிராசஸரைக் கூலரிலிருந்து பிரிக்கும்போது அது நழுவி மேசை விளிம்பில் மோதியது. மூலையில் மூன்று பின் சாய்ந்துவிட்டன. பழையதுதானே, இனி எதற்கு என்று அதை ஓரமாக வைத்தேன்.

இன்னொரு அதிர்ச்சி பின்பக்கம். ஸ்பயரின் ஸ்க்ரூக்கள்தான் போர்டுக்குப் பின்னாலிருக்கும் பேக்பிளேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றியதும் அது பெட்டிக்குள் தொப்பென்று விழுந்தது. போர்டைக் கழற்றாமல் அதை மறுபடி நிறுத்த, பின்னாலிருந்து காகித டேப் குறுக்காக ஒட்டினேன்.

5600ஐ வைத்தேன். தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்ததும், விரல் அழுத்தம் இல்லாமல், தன் எடையிலேயே இறங்கியது. நெம்பைப் பூட்டினேன். பேஸ்ட் பட்டாணி அளவு. பழைய ஸ்பயரையே மறுபடி போட்டேன், 5600உடன் வரும் ரெய்த் ஸ்டெல்த் அதைவிடக் குட்டை என்பதால். பொத்தானை அழுத்தினேன்.

விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு.

முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும் என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் இல்லை. ரேமைக் கழற்றி மாட்டினேன். ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்துப் பார்த்தேன். பயோஸ் அமைப்புகளைக் காக்கும் சிஎம்ஓஎஸ் பேட்டரியைப் பிடுங்கிக் கால் மணி நேரம் வைத்தேன். கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டினேன். 5600க்குள் கிராஃபிக்ஸ் இல்லை என்பதால் கார்டு இல்லாமல் சோதிக்கவும் வழியில்லை. இந்தப் போர்டில் எங்கே தடுமாறுகிறது என்று காட்டும் சிறு விளக்குகளும் கிடையாது. இப்படியே இரண்டு மணி நேரம்.

அப்புறம்தான் தொலைபேசியில் போர்டின் பிராசஸர் ஆதரவுப் பட்டியலை எடுத்து, 5600 வரிசைக்கு நேரே கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். எந்த பயோஸ் முதல் என்று அதில் எழுதியிருந்தது. நான் போட்டிருந்ததற்கு இரண்டு பதிப்பு மேலே. அந்த பீட்டா.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 2020இல் ஜென் 3 (5600இன் அடிப்படை வடிவமைப்பு) வரும்போது 500 வரிசை போர்டுகளுக்கு மட்டும்தான் என்று ஏஎம்டி முதலில் சொன்னது. பயனர்கள் சத்தம் போட்டதும் பி450, எக்ஸ்470க்கும் தந்தது. 300 வரிசைக்கு அனுமதி வந்தது 2022இல்தான், அதுவும் பீட்டா பயோஸ்களாக. ஆகவே என் போர்டில் பீட்டா என்பதுதான் உண்மையான பதிப்பு. நான் நிலையானது என்று பாதுகாப்பாக நினைத்ததற்கு ஜென் 3 என்றால் என்னவென்றே தெரியாது.

சாக்கெட்டின் பெயர் பொருந்தினால் போதும் என்று நினைப்பது என் தவறு மட்டும் அல்ல. இசட்270 போர்டுக்கு ஐ5-8400 வாங்கி வந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். இரண்டுமே எல்ஜிஏ1151. இரண்டும் சேர்ந்து ஓடாது, 8ஆம் தலைமுறைக்கு இன்டெலின் 300 வரிசை சிப்செட் வேண்டும். துளையில் உட்காருவதைப் பார்த்து அவர் ஒரு மாலை முழுவதும் மின்சாரக் கோளாறைத் தேடினார்.

புதிய பயோஸ் போட, போர்டுக்குத் தெரிந்த பிராசஸர் வேண்டும். பிராசஸர் இல்லாமலே யுஎஸ்பியிலிருந்து பயோஸ் ஏற்றும் பொத்தான் இந்தப் போர்டில் இல்லை. கையில் இருப்பது மூன்று பின் சாய்ந்த 1600 மட்டும்.

அந்தப் பின்களை நிமிர்த்திய ஐம்பது நிமிடம் இந்த வேலையிலேயே பொறுமை கேட்ட பகுதி. கருவிகள்: லெட் எடுத்த 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில், காலாவதியான பிளாஸ்டிக் அட்டை, மேசை விளக்கு, தொலைபேசி கேமரா. பென்சிலின் உலோக முனையைச் சாய்ந்த பின்னின் மேல் தொப்பிபோல மாட்டி, மயிரிழை அளவு நிமிர்த்தி, எடுத்துப் பார்த்து, மறுபடி நிமிர்த்த வேண்டும். ஒரே தடவையில் நேராக்கப் பார்த்தால் பின் முறிந்துவிடும். பிறகு அட்டையின் விளிம்பை இரண்டு வரிசைக்கு நடுவே மெல்ல ஓட்டினேன். எங்கே இடிக்கிறதோ அங்கே இன்னும் கோணல் இருக்கிறது என்று பொருள். கண்ணுக்கு நேராகப் பிடித்து விளக்குக்கு எதிரே பார்த்தால் வரிசைகள் உழுத சால்போலத் தெரிய வேண்டும். வெறும் கண்ணுக்கு நேராகத் தெரிந்த ஒரு பின், கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது தலை மட்டும் வளைந்திருந்தது.

சாக்கெட்டில் வைத்தேன். முதல் தடவை ஒரு மூலை தூக்கி நின்றது. அழுத்தவில்லை. எடுத்து அந்த மூன்றாவது பின்னை இன்னும் கொஞ்சம் சரி செய்தேன். இரண்டாம் தடவை தானாக இறங்கியது. கூலரை முழுதாக முறுக்காமல் சும்மா உட்காரவைத்து ஆன் செய்தேன். திரை வந்ததும் நாற்காலியில் சாய்ந்தது நினைவிருக்கிறது.

பீட்டா பயோஸ் போட்டேன். மெனு பழையதைவிட மொட்டையாக இருந்தது, படங்கள் குறைந்திருந்தன. இடம் மிச்சம் பிடித்திருப்பார்கள் போல. 1600உடனே ஒரு முறை முழுதாக விண்டோஸ் வரை போய்ப் பார்த்துவிட்டு அணைத்தேன். இந்த முறை கால் மணி நேரம் காணொளி மாற்றும் வேலையைக் கொடுத்துச் சூடாக்கி, திருகி எடுத்தேன். கூலர் மட்டும் தனியாக வந்தது.

5600 திரும்ப உள்ளே. நாற்பது விநாடி கறுப்பு, பிறகு வெள்ளை எழுத்தில் ஒரு செய்தி. புது பிராசஸர் வந்திருக்கிறது, எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி) தகவல் மாறிவிட்டது, அழிக்க ஒய், வைத்துக்கொள்ள என். பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டைப் போட்டிருப்பவர்கள் இங்கே ஒய் அழுத்தினால் அடுத்து மீட்புச் சாவி கேட்கும், அது கையில் இல்லாவிட்டால் வட்டு பூட்டப்பட்ட பெட்டிதான். எனக்கு பிட்லாக்கர் இல்லை. ஒய்.

விண்டோஸ் 11க்கு செக்யூர் பூட் வசதி வேண்டும், அதற்கு சிஎஸ்எம் என்ற பழைய முறையை அணைக்க வேண்டும். அணைத்தேன். பூட் பட்டியலிலிருந்து எஸ்எஸ்டி மாயமாகிவிட்டது. 2017இல் அவசரத்தில் விண்டோஸ் ஏற்றியபோது வட்டை எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்திருக்கிறேன். யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு ஜிபிடி பிரிப்பு வேண்டும். சிஎஸ்எம்மை மறுபடி ஆன் செய்து உள்ளே போய், விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை முதலில் சரிபார்க்கும் கட்டளையோடு ஓட்டினேன். மறுத்தது. வட்டில் நான்கு முதன்மைப் பகுதிகள் இருந்தன, அது மூன்றுக்கு மேல் ஏற்காது. நான்காவதில் இருந்த பழைய கோப்புகளை வெளி வட்டுக்கு எடுத்துவிட்டு அந்தப் பகுதியை அழித்தேன். இப்போது சரிபார்ப்பு தேறியது, மாற்றம் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. சிஎஸ்எம் அணைப்பு, செக்யூர் பூட் ஆன், விண்டோஸ் 11. அதன் பிறகு எந்தத் தடையும் இல்லை.

பலன் என்ன? 12 நிமிட 4கே காணொளி ஒன்றை எச்.265 ஆக மாற்றி இரண்டையும் அளந்தேன். 1600 எடுத்தது 41 நிமிடம், 5600 எடுத்தது 25. இரண்டுமே ஆறு கோர்தான். ரேமில் வந்த மாற்றம் எனக்கு அதைவிட மகிழ்ச்சி. 3200 என்று வாங்கிய இரண்டு 8 ஜிபி ரேம்களும் 1600உடன் 2933க்கு மேல் ஒரு நாளும் நிலையாக ஓடியதில்லை. இப்போது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியைத் தட்டியதும் 3200, இரவு முழுக்க சோதனை ஓட்டியும் ஒரு பிழை இல்லை.

வெப்பம் முதலில் பயமுறுத்தியது: முழுப் பாரத்தில் 89 டிகிரி. கழற்றிப் பார்த்தால் பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் பரவியிருந்தது. டேப் ஒட்டியும் பேக்பிளேட் லேசாகச் சாய்ந்து, ஒரு ஸ்க்ரூ மரையில் பிடிக்காமலே சுற்றியிருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒரு கையால் பின்னாலிருந்து பேக்பிளேட்டை அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இரண்டிரண்டு சுற்றாகக் குறுக்கே இறுக்கினேன். 78 டிகிரி. விஆர்எம் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியில் பார்த்தேன். பளபளக்கும் அலுமினியத்தில் அது தப்பான எண் காட்டும் என்பதால் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளந்தேன். அரை மணி நேரப் பாரத்துக்குப் பின் 71. 65 வாட்டோடு நின்றது நல்லதாகப் போயிற்று.

இன்னொரு முறை செய்தால் பிராசஸர் வாங்கும் முன்பே ஆதரவுப் பட்டியலின் அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பேன், செய்தியை அல்ல. பயோஸ் வேலையும் வட்டு மாற்றமும் முடிந்து, பழைய பிராசஸரிலேயே எல்லாம் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் கூலரில் கை வைப்பேன். பேக்பிளேட்டுக்காகச் சோம்பல் படாமல் போர்டை வெளியே எடுத்து மேசையில் வைத்துச் செய்வேன். கிராஃபிக்ஸ் கார்டு மாற்றும் எண்ணம் இருந்திருந்தால் பழைய பி550 போர்டு ஒன்றையும் தேடியிருப்பேன். பி350 கார்டு இணைப்பில் பழைய பிசிஐஇ 3.0 வேகம் மட்டுமே தரும், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நான்கு லேன் (தரவுப் பாதை) மட்டும் பயன்படுத்தும் கார்டுகளுக்கு அது கழுத்தை நெரிக்கும்.

பழைய 1600ஐ விற்கவில்லை. 5600 வந்த பிளாஸ்டிக் கூட்டில் வைத்து, இப்போது போர்டில் இருக்கும் பயோஸ் பதிப்பு எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மேலே ஒட்டியிருக்கிறேன். கீழே சின்னதாக இன்னொரு வரி: மூலையில் மூன்று பின், அழுத்தாதே.